ஊர் நம்முடையது, மண் யாருடையது?

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆல்னஸ் என்ற சிற்றூருக்குப் பின்னால் ஃபைரிஷ் என்றொரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் வரிசையாகக் கல்தூண்கள் நிற்கின்றன. நடுத்தூண்களை வளைவுகள் இணைக்கின்றன. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், 'நெகபட்டாம் கோட்டை வாசல்' என்பார்கள். நம் நாகப்பட்டினம்தான். 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த சர் ஹெக்டர் மன்றோ, அந்த வெற்றியின் நினைவாகத் தன் பண்ணை நிலத்தில் கட்டுவித்த சின்னம் அது. (சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு.) முந்தின ஆண்டு காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, நேரத்துக்கு உதவிக்குப் போய்ச் சேராமல், பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவரும் இவரே.

போர்க்கதை இருக்கட்டும். அந்தச் சின்னத்தைக் கட்டியதற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. வேலையில்லாமல் பட்டினி கிடந்த ஊர் மக்களுக்குக் கூலி கொடுக்க மன்றோ இந்தக் கட்டுமானத்தைத் தொடங்கினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று, மேலே ஏற்றிய கற்களை உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்று ஊர்க்கதை உண்டு. தர்மவான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பத்தே ஆண்டில் அதே மன்றோ தன் மலைமேய்ச்சலில் ஒரு பகுதியை வெளியூர் ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்தவர்களின் மாடுகள் பட்டியில் அடைக்கப்பட்டன. 1792 கோடையில் சனங்கள் திரண்டு, அந்த வட்டாரத்து ஆடுகளையெல்லாம் மலைவிட்டு மலை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கான ஆடுகள். பட்டாளம் வந்து அடக்கியது. கேலிக் மொழியில் அந்த ஆண்டுக்கு இன்றும் 'ஆடுகளின் ஆண்டு' என்றுதான் பெயர்.

கூலி கொடுத்த கையும் மேய்ச்சலை மூடிய கையும் ஒரே கைதான். பெரிய நிலக்காரரின் நிழலில் ஒரு ஊர் வளர முடியுமா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. தேடலின் கடைசி 30 ஆண்டுகள் நாம் உற்றுப் பார்க்க வேண்டியவை.

ஒரு கல்யாண மண்டபம் போதும்

ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான். சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிவிடும் கூட்டம். அங்கே தனியார் கையிலுள்ள கிராமப்புற நிலத்தில் பாதி வெறும் 432 உரிமையாளர்களிடம் இருந்ததாக 2014-இல் அரசு நியமித்த நிலச் சீர்திருத்த ஆய்வுக்குழு எழுதியது. 432 பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம், பந்தி இரண்டு போட்டால் போதும். நம்மூரில் மிராசுதார், ஜமீன்தார், பண்ணையார் என்றெல்லாம் சொன்னோமே, அங்கே அந்த இடத்தில் இருப்பவர் 'லேர்ட்'. அவர் பெரும்பாலும் லண்டனிலோ வேறு நாட்டிலோ இருப்பார். ஊரில் அவருடைய காரியஸ்தர் இருப்பார், அவருக்குப் பெயர் 'ஃபேக்டர்'. சில ஏக்கர் நிலமும் பொது மேய்ச்சலில் ஒரு பங்கும் குத்தகைக்குப் பெற்று, மீன்பிடித்தும் நெசவு செய்தும் பிழைத்தவர்கள் 'கிராஃப்டர்'கள்.

ஆட்டு ரோமத்துக்கு விலை ஏறியதும் லேர்டுகளுக்குக் குடியானவர்கள் சுமையாகிப்போனார்கள். பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக ஊர்கள் காலி செய்யப்பட்டன. 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் மீது 1816-இல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது, விடுதலையானார். துரத்தப்பட்டவர்கள் கடலோரப் பாறைநிலத்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். இதற்கு 'நிலம் துப்புரவு செய்தல்' என்று பொருள்படும் பெயர் வந்தது. வரலாற்றிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பாலத்தின் பெயரில் இருப்பவர்

1882-இல் ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்தில் மேய்ச்சல் உரிமை கேட்டு வாடகை தர மறுத்த கிராஃப்டர்களைக் கைது செய்யப் போலீஸ் வந்தது. பெண்கள் முன்னணியில் நின்று கல்லெறிந்தார்கள். கலவரம் தீவு தீவாகப் பரவவே, 1883-இல் லண்டன் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவராக வந்தவரின் பெயரைச் சென்னைக்காரர்கள் தினமும் உச்சரிக்கிறார்கள். கோட்டையிலிருந்து மெரினாவுக்குப் போகும்போது கூவத்தைக் கடக்கிறோமே, அந்த நேப்பியர் பாலத்தின் நேப்பியர். 1866 முதல் 1872 வரை மதராஸ் மாகாண கவர்னராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர் பிரபுதான் அவர்.

குழுவில் ஆறு பேர். ஒருவர்கூட கிராஃப்டர் இல்லை, பெரும்பாலோர் நிலக்காரர்கள். எனவே சனங்கள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. குழு முதலில் உட்கார்ந்த இடம் அதே பிரேஸ். முதல் சாட்சியாக வந்த கிராஃப்டர், வாய் திறப்பதற்கு முன்பு ஒரு உறுதிமொழி கேட்டார்: நான் உண்மை சொன்னால், அதற்காக லேர்டோ ஃபேக்டரோ என்னை நிலத்தைவிட்டு எழுப்பக் கூடாது. மகாராணி அனுப்பிய குழுவின் முன்னால் நின்றும் ஒரு மனிதனுக்குத் தன் காலடி மண்ணைப் பற்றிய பயம் போகவில்லை. அந்த வட்டாரத்தின் வளர்ச்சி ஏன் நின்றுபோயிருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தென்படவில்லை. எழுப்பிவிடுவார்கள் என்று பயந்தவன் கிணறு வெட்டமாட்டான், மரம் நடமாட்டான், கூரை மாற்றமாட்டான். செய்தால் அடுத்த ஆண்டே வாடகை ஏறும்.

700-க்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கி 1884-இல் அறிக்கை வந்தது. ஒவ்வொரு ஊரையும் பொது மேய்ச்சல் உரிமையுள்ள ஓர் அமைப்பாக அங்கீகரிக்க வேண்டும் என்று நேப்பியர் எழுதினார். மதராஸ் மாகாணத்து ஊர்களின் பொது நிலத்தைப் பார்த்த கண்தான் அப்படி எழுத வைத்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அரசு அந்த யோசனையை ஒதுக்கிவைத்துவிட்டு, 1886 கிராஃப்டர் சட்டத்தில் தனித்தனிக் குடியானவருக்கு உரிமை கொடுத்தது. வாடகை ஒழுங்காகக் கட்டும்வரை எழுப்ப முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கலாம், வாடகையை நிலக்காரர் அல்லாமல் ஆணையம் நிர்ணயிக்கும், செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு உண்டு. மண் இன்னமும் லேர்டுடையதுதான். ஆனால் காலடி உறுதியானது. வடமேற்கு ஸ்காட்லாந்தில் கிராமங்கள் இன்றும் மிஞ்சியிருப்பதற்கு அந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

சோப்புக்காரரின் கனவு

நிலக்காரர் நல்லவராக இருந்துவிட்டால்? லூயிஸ் தீவு அதையும் பார்த்திருக்கிறது. சன்லைட், லைஃப்பாய் சோப்புகளால் உலகம் முழுக்க அறியப்பட்ட லீவர்ஹுல்ம் பிரபு 1918-இல் லூயிஸ் தீவையும் அடுத்த ஆண்டு அதை ஒட்டிய ஹாரிஸையும் விலைக்கு வாங்கினார். அதற்கு முன்னால் அந்தத் தீவை வைத்திருந்தது, இந்திய அபினைச் சீனாவுக்கு ஏற்றி விற்றுப் பணம் சேர்த்த மேத்திசன் குடும்பம். லீவர்ஹுல்ம் அவர்களைப் போலல்ல. அவரிடம் திட்டமிருந்தது, பணமிருந்தது, ஆசையும் உண்மையானது. ஸ்டோர்னோவே துறைமுகத்தைப் பெரிய மீன் தொழில் நகரமாக்குவேன், ரயில் விடுவேன், மீன் விற்க நாடெங்கும் கடைகள் திறப்பேன் என்றார். கடைகளைத் திறக்கவும் செய்தார்.

அவருடைய திட்டத்தில் 'கிராஃப்ட்' எனப்படும் சிறு குத்தகை நிலத்துக்கு இடமில்லை. முழுநேரத் தொழிலாளிக்கு எதற்கு இரண்டு மாடும் உருளைக்கிழங்குத் தோட்டமும் என்பது அவர் எண்ணம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களுக்கோ நிலம் தருவதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தது. கோல், கிரெஸ் என்ற இரண்டு பண்ணைகளில் அவர்கள் வேலியைத் தாண்டி நுழைந்து மாடு கட்டினார்கள். லீவர்ஹுல்ம் நேரில் போய்ப் பேசினார்; கூட்டத்தின் நடுவே நின்று தன் கனவை விவரித்தார். சம்பளம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சம்பளம் நின்றுபோனால் கால் வைக்க ஒரு துண்டு மண் வேண்டும் என்றார்கள். இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1923-இல் அவர் ஒரு அபூர்வமான காரியம் செய்தார்: தீவை மக்களுக்கே இலவசமாகக் கொடுக்க முன்வந்தார். ஸ்டோர்னோவேயும் சுற்றுப்புறமும் ஏற்றுக்கொண்டன. அந்த அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. மற்ற பகுதிகள், வரியும் நிர்வாகச் செலவும் தாங்காது என்று மறுத்துவிட்டன. 1925-இல் அவர் இறந்ததோடு ஹாரிஸ் திட்டங்களும் மடிந்தன.

லீவர்ஹுல்மைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு தீவின் பிழைப்பு முழுவதும் ஒரு மனிதரின் ஆயுளோடும் அவர் கம்பெனியின் வரவு செலவோடும் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஏழாண்டு காட்டிவிட்டது. கருணையுள்ள நிலக்காரருக்கும் மரணமுண்டு, வாரிசுண்டு, கடன்காரனுண்டு.

மூன்று லட்சம் பவுண்டும் பதின்மூன்று ஊரும்

1992-இல் அசின்ட் என்ற வடமேற்குக் கடற்கரையில் ஒரு சங்கதி நடந்தது. 21,000 ஏக்கர் கொண்ட வட அசின்ட் எஸ்டேட்டை வாங்கியிருந்த வெளிநாட்டுக் கம்பெனி திவாலானது. கடன் வசூலிக்க வந்தவர்கள் நிலத்தை ஏழு துண்டாக்கி விற்க ஏற்பாடு செய்தார்கள். விளம்பரத்தில் அழகான காட்டு நிலம் என்று இருந்தது. அந்த நிலத்தில் 13 ஊர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராஃப்டுகளும் இருந்தன. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள், நாமே வாங்கலாம் என்று தீர்மானித்தார்கள். உலகெங்கும் சிதறிக்கிடந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பணம் அனுப்பினார்கள். இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார்கள்: வேறு யாராவது வாங்கினால், கிராஃப்டர்களுக்கு 1976 சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தி ஒவ்வொருவரும் தன் துண்டைத் தனித்தனியாக வாங்கிவிடுவோம் என்று அறிவித்தார்கள். ஏலம் எடுக்க வந்தவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். 3 லட்சம் பவுண்டுக்கு விலை படிந்து, 1993 பிப்ரவரி 1 அன்று கிரயம் முடிந்தது.

நூறாண்டுக்கு முன் வாங்கிய சின்ன உரிமைதான் இந்தப் பெரிய உரிமைக்கு முதல் படியானது. பக்கத்திலேயே பெரிய எஸ்டேட்டுகள் வைத்திருந்த வெஸ்டி குடும்பமும் 2005-இல் 44,000 ஏக்கரை ஊர் அறக்கட்டளைக்கு விற்றது.

ஐந்து கிலோவாட் ஒழுங்கு

எய்க் தீவைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 31 சதுர கிலோமீட்டர், ஐந்து மைல் நீளம், மூன்று மைல் அகலம். ஒரே உரிமையாளர், அவரும் மாறிக்கொண்டே இருந்தார். 1995-இல் ஜெர்மானிய ஓவியர் ஒருவர் வாங்கினார். இரண்டே ஆண்டில் மறுபடி விற்பனை. குடியிருந்த பலருக்கு நிலையான குத்தகை கிடையாது. ஈரம் ஊறும் வீட்டைச் செப்பனிட நினைத்தால், நாளைக்கு யார் முதலாளி என்று தெரியாது. தீவில் மிஞ்சியது 65 பேர் வாக்கில்.

ஊராரும் ஹைலேண்ட் கவுன்சிலும் ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். அரசு பெரிய உதவி செய்யவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். பெயர் சொல்லாத ஒரு பெண்மணி பெருந்தொகை கொடுத்தார். 1997 ஜூன் 12 அன்று 15 லட்சம் பவுண்டுக்குத் தீவு ஊருக்குச் சொந்தமானது. முதலில் அவர்கள் கட்டியது படகுத்துறை அருகே ஒரு கட்டடம்: மளிகைக்கடை, தபால் ஆபீஸ், டீக்கடை எல்லாம் ஒரே கூரையின்கீழ். அதன்பின் வீடுகளுக்குக் கூரை, குடியானவர்களுக்கு நீண்டகாலக் குத்தகை.

மின்சாரம்தான் இதில் மணியான கதை. கரையிலிருந்து கேபிள் இழுக்க ஆகும் செலவு கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரி 1 அன்று தீவு தன் சொந்த மின்கட்டமைப்பைத் தொடங்கியது. ஓடைநீர், காற்று, சூரியன் மூன்றும் சேர்ந்து ஓட்டும் கட்டமைப்பு. டீசல் பின்துணைக்கு மட்டும். எல்லாருக்கும் போதும்படி பங்கிட ஊர் கூடி ஒரு ஒழுங்கு வைத்தது: வீட்டுக்கு 5 கிலோவாட், கடை கண்ணிக்கு 10 கிலோவாட். எந்த நேரத்திலும் அதற்கு மேல் இழுத்தால் இணைப்பு தானே துண்டிக்கப்படும். பணக்கார வீடு, ஏழை வீடு வித்தியாசமில்லை. கம்மாய்த் தண்ணீரை முறை வைத்து விட்ட நம்மூர் நீர்க்கட்டி, மடைக்காரர் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். தண்ணீருக்குப் பதில் மின்சாரம், அவ்வளவுதான். இதைப் பராமரிப்பதும் தீவுக்காரர்களே. இப்போது அங்கே சுமார் 110 பேர் இருக்கிறார்கள். போன பிள்ளைகள் குழந்தை குட்டியோடு திரும்புகிறார்கள். ஒரு கிராமம் வளர்கிறதா என்பதற்கு இதைவிட நம்பகமான அளவுகோலை நான் எந்தத் திட்ட அறிக்கையிலும் பார்த்ததில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. 2002-இல் சுமார் 40 லட்சம் பவுண்டு கொடுத்து ஊரார் வாங்கிய கீயா தீவில், முக்கால்வாசி வீடுகள் குடியிருக்கத் தகுதியற்ற நிலையில் இருந்தன. அவற்றைச் சீர்செய்தார்கள், மூன்று காற்றாலை நிறுவி மின்சாரம் விற்றார்கள், 100 பேர் வாக்கில் இருந்த தீவில் 2011 கணக்கெடுப்பில் 163 பேர் இருந்தார்கள். ஆனால் கடனும் ஏறியது, ஊருக்குள் மனக்கசப்பும் வந்தது. நிலம் கைக்கு வந்தால் பாழான சாலையும் ஒழுகும் கூரையும் சேர்ந்தே வரும். கணக்குப் பார்க்கவும் கூட்டம் நடத்தவும் சலிக்காத ஆட்கள் வேண்டும். நூறு பேர் உள்ள ஊரில் அந்தச் சுமை அதே பத்துப் பேர் தோளில்தான் விழும்.

வேலிக்கு அந்தப்பக்கம்

ஊருக்குச் சொந்தமான நிலம் ஸ்காட்லாந்தின் மொத்தப் பரப்பில் இன்னும் 3 விழுக்காட்டைத் தொடவில்லை. அதிகமான ஊர்கள் பெரிய எஸ்டேட்டுகளின் பக்கத்திலோ நடுவிலோதான் இருக்கின்றன. அங்கே என்ன செய்வது?

தெற்கே லாங்கம் ஊரைப் பாருங்கள். நெசவாலைகள் நலிந்துபோன ஊர். சுற்றியுள்ள மேட்டுநிலம் நாட்டின் மிகப்பெரிய நிலக்காரக் குடும்பங்களில் ஒன்றான பக்ளூ பிரபு குடும்பத்தின் எஸ்டேட். அதில் ஒரு பகுதியை விற்க அவர்கள் முடிவு செய்தபோது ஊர் அமைப்பு ஒன்று வாங்க முன்வந்தது. 2021-இல் 5,200 ஏக்கர், 2022-இல் இன்னும் 5,300 ஏக்கர். மொத்தம் 60 லட்சம் பவுண்டு. இரண்டாம் கட்டத்துக்குப் பணம் சேரத் தாமதமானபோது எஸ்டேட் கெடுவை நீட்டிக் கொடுத்தது. அந்த நிலம் இப்போது ஊரின் இயற்கைக் காப்பகம். அடித்துப் பிடித்து வாங்கவில்லை, உட்கார்ந்து பேசி வாங்கினார்கள். ஆனால் பேசுவதற்கு உட்கார்ந்தபோது ஊர் வெறுங்கையோடு போகவில்லை. ஊர்கள் நிலம் வாங்க அரசே நிதி வைத்திருக்கிறது. 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், ஊர் பதிவு செய்துவைத்தால் நிலம் விற்பனைக்கு வரும்போது முதல் உரிமை ஊருக்கே என்கிறது. லேர்டுகளின் பெருந்தன்மை வெளிப்படுவதற்கும் சட்டம் முதுகில் நிற்க வேண்டியிருக்கிறது.

வடகோடியில் மெல்னெஸ் வேறு மாதிரி. 1995-இல் அங்கே நிலக்காரர் தாமாகவே நிலத்தைக் கிராஃப்டர்களுக்குக் கொடுத்துவிட்டார். இளைஞர்கள் வேலையில்லாமல் வெளியேறுவதைப் பார்த்து, தங்கள் சதுப்பு நிலத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க அவர்கள் சம்மதித்தார்கள். ஊருக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. பக்கத்து எஸ்டேட் டென்மார்க்கின் துணிவணிகக் கோடீஸ்வரர் ஆண்டர்ஸ் போல்சனுடையது. ஸ்காட்லாந்தில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்து, காட்டை மீட்கிறவர் அவர். சுற்றுச்சூழல் கெடும் என்று அவருடைய நிறுவனம் நீதிமன்றம் போனது. 2021-இல் மனு தள்ளுபடியானது. கட்டுமானமும் தொடங்கியது. கடைசியில் 2024 டிசம்பரில் ராக்கெட் கம்பெனியே இந்த இடத்தை விட்டுவிட்டு ஷெட்லாண்டுக்குப் போவதாக அறிவித்தது. ஒரு பெரிய முதலாளியை எதிர்த்து நின்ற ஊர், இன்னொரு முதலாளியின் முடிவால் வெறுங்கையோடு நின்றது. இருந்தாலும் நிலம் அவர்களிடம்தான் இருக்கிறது. அடுத்து என்ன என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்வார்கள்.

கார்பன் வரவு, மரம் நடும் மானியம் என்று புதிய பணம் இப்போது அந்த மலைகளைத் தேடி வருகிறது. ஆட்டுக்கு இடம் கொடுக்க ஆள் வெளியேறிய மண்ணில், மரத்துக்கு இடம் கொடுக்க ஆள் வெளியேற வேண்டுமா என்று அங்கே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2025 நவம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டப்படி, 1,000 ஹெக்டேருக்கு மேல் வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்பதை, ஊராரைக் கலந்து, எழுதி வெளியிட வேண்டும். 'என் நிலம், என் இஷ்டம்' என்பதற்கு ஒரு வரம்பு விழுந்திருக்கிறது.

ஃபைரிஷ் குன்றின் தூண்கள் நினைவுபடுத்தும் நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கேள்வி அந்நியமல்ல. 1968-இல் கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீயில் மாண்ட மண் அது. அங்கேதான் காந்தியத் தம்பதியரான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் லாஃப்டி என்ற நில இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்காரர்களோடு உட்கார்ந்து பேசி விலை படிய வைத்து, கடன் ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பத்திரம் பதிந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படிக் காணிக்காரர்களாயின. அசின்ட்டில் கிரயம் முடிவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலை இது. எய்க் தீவைப் பார்க்க உலகம் படகேறுகிறது. இதைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தே எத்தனை பேர் போயிருப்போம்?

அடுத்த கிராம சபை கூடும்போது தவறாமல் போங்கள். உங்கள் ஊரின் புறம்போக்கு எவ்வளவு, மேய்க்கால் எவ்வளவு, அது இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று 'அ' பதிவேட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.